மூன்று விதிகளும் ஒரு சூரியனும்

சில மாதங்களுக்கு முன், நெய்வேலி நகரியத்தில் நாம் குடியிருக்கும் வட்டத்துக்கு மாணவர் ஐவர் வந்தனர். கணிப்பொறியில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருப்பதாகவும், அதற்குத் தமிழில் ஒரு கதை வேண்டும் என்றும் கேட்டனர். விளையாட்டின் பெயர் ‘சுரங்கம்’. தமிழ் இலக்கியம் படித்தவர்களிடம் கதை கேட்டு வருகிறவர்கள் இக்காலத்தில் அரிது என்பதால் நமக்கும் மகிழ்ச்சிதான். கதை எழுதுமுன் விளையாட்டு எப்படிப்பட்டது என்று அறிய விரும்பினோம். ஐவரும் ஐந்து விளையாட்டுகளைச் சொன்னார்கள்.

ஒருவர் மனத்தில் இருந்தது மண்ணை வெட்டும் மாபெரும் சக்கர எந்திரம். நேரத்துக்குள் வெட்டி முடிக்க வேண்டும். இன்னொருவர் மனத்தில் இருந்தது சுரங்கத்துக்காக நிலம் கொடுத்துவிட்டுப் பெயர்ந்த ஒரு கிராமம். பேரன் தன் தாத்தாவின் ஊரைத் தேடுகிறான். மூன்றாமவர் பூமிக்கடியில் இருண்ட பாதைகளும் புதிர்களும் வேண்டும் என்றார். நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம், இங்கே பாதாளப் பாதை ஏது என்று மற்றவர்கள் சிரித்தனர். நான்காமவருக்குப் படம் வரைய வேண்டும், எதுவானாலும் சரி. ஐந்தாமவருக்குப் பருவத் தேர்வுக்கு முன் ஒப்படைத்துவிட வேண்டும், அதுவும் எதுவானாலும் சரி.

சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. “எங்கப்பா இருபது வருஷம் ஓட்டின மெஷின் சார். இவன் அதை வில்லனாக்கப் பாக்குறான்” என்றார் முதலாமவர். “எங்க தாத்தா நிலம் சார் அது. இவனுக்கு அது ஒரு பாயிண்டு, ஸ்கோரு” என்றார் இரண்டாமவர். இருவரும் ஒரே பெஞ்சில் மூன்றாண்டு அமர்ந்து படித்தவர்கள். இரண்டு மாதமாக ‘சுரங்கம்’ என்ற ஒரே சொல்லைப் பேசிப் பேசி, தாம் ஒன்றையே பேசுவதாக நம்பிக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள்.

நாம் கதை எழுதித் தரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வரலாற்றைச் சொன்னோம். அவ்வரலாற்றைச் சற்று விரித்து இங்கே எழுதுவது பிறருக்கும் பயன்படும் என்று தோன்றுகிறது.

நெய்வேலியில் மேல்மண்ணை அகற்றி அகற்றி, பழுப்பு நிலக்கரிப் படுகை முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில். அதற்கு அடுத்த மாதம், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமாகிய எம்.ஐ.டி.யின் மின்பொறியியல் துறைக்கு ஒரு கணிப்பொறி வந்து இறங்கியது. பெயர் பி.டி.பி-1. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் அதைச் செய்தது. விலை ஏறத்தாழ 1,20,000 டாலர். நினைவகம் 4,096 சொற்கள். ஒவ்வொரு சொல்லும் 18 பிட். நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் கூட்டல் செய்யும். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியோடு ஒப்பிட்டால் அது எறும்பு. ஆனால் அந்த எறும்புக்கு ஒரு வட்டமான திரை இருந்தது. அதில் புள்ளிகளைப் போட்டுப் படம் காட்ட முடிந்தது.

அத்திரையில் என்ன காட்டுவது என்ற கேள்வி கணிப்பொறி வருமுன்னரே மூன்று நண்பர்களிடையே எழுந்துவிட்டது. ஸ்டீவ் ரஸ்ஸல், மார்ட்டின் கிரேட்ஸ், வேய்ன் வீட்டானன் என்பன அவர்கள் பெயர்கள். கேம்பிரிட்ஜில் ஹிங்ஹாம் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். தம் வீட்டுக்குக் கேலியாக ‘ஹிங்ஹாம் நிறுவனம்’ என்று பெயர் சூட்டி, அதில் விண்வெளிப் போர் ஆய்வுக்குழு ஒன்று இயங்குவதாகவும் சொல்லிக்கொண்டார்கள். ‘டாக்’ ஸ்மித் எழுதிய மலிவுப் பதிப்பு விண்வெளி நாவல்களில் மூழ்கியவர்கள். நம் ஊரில் அக்காலத்து இளைஞர்கள் தொடர்கதைக்காக வார இதழ் வரும் நாளை எண்ணிக் காத்திருந்ததைப் போன்றதுதான் அதுவும்.

அவர்கள் முதலில் ‘என்ன விளையாட்டு’ என்று பேசவில்லை. அதுவரை எம்.ஐ.டி.யில் இருந்த காட்சி நிரல்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் என்ன குறை என்று பேசினார்கள். திரையில் துள்ளும் பந்து ஒன்று இருந்தது. பார்க்கலாம், வேறொன்றும் செய்ய இயலாது. வலைப்பாதையில் ஓடும் எலி இருந்தது. பாதையை அமைத்துக் கொடுத்துவிட்டுப் பின் சும்மா பார்க்க வேண்டும். இக்குறைகளிலிருந்து மூன்று விதிகள் பிறந்தன. கணிப்பொறியின் ஆற்றல்களை இயன்றவரை காட்ட வேண்டும், அதன் எல்லைவரை அதை வேலை வாங்க வேண்டும் என்பது முதலாவது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் புதிதாக, சுவையாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. பார்ப்பவர் வெறும் பார்வையாளராக நில்லாமல் மகிழ்ச்சியோடு பங்கேற்க வேண்டும், அதாவது அது ஒரு விளையாட்டாக இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. கிரேட்ஸ் 1981இல் எழுதிய நினைவுக் கட்டுரையில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

இம்மூன்றிலும் விண்கலம் இல்லை, போர் இல்லை, கதையும் இல்லை. வரப்போகும் ஒவ்வொரு கருத்தையும் உரசிப் பார்க்க ஓர் உரைகல் மட்டுமே இருந்தது. விதிகளுக்குப் பொருந்தக் கூடியது எது என்று தேடியபோதுதான் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும் எண்ணம் வந்தது. ‘ஸ்பேஸ்வார்’ என்ற அந்த விளையாட்டே பின்னாளில் வந்த பலவற்றுக்கு முன்னோடியாயிற்று.

திட்டம் உருவானதும் குழு சிதறத் தொடங்கியது. வீட்டானனை இராணுவத்தின் சேமப்படை அழைத்துக்கொண்டது. மூவரில் நிரல் எழுதவேண்டிய ரஸ்ஸல் நாளைக் கடத்தினார். அவருடைய பட்டப்பெயரே ‘நத்தை’ என்ற பொருள் தருவது. சைன், கொசைன் கணக்கிடும் துணைநிரல் தம்மிடம் இல்லை, அது இல்லாமல் கலத்தைத் திருப்ப முடியாது என்று காரணம் சொன்னார். இதைக் கேட்ட ஆலன் கோட்டக் என்ற மாணவர் தயாரிப்பு நிறுவனத்துக்கே போய், அந்தத் துணைநிரல் அடங்கிய காகித நாடாவை வாங்கிவந்து ரஸ்ஸலின் முன் வைத்தார். இனிச் சொல்லக் காரணம் இல்லை என்பதால் வேலை தொடங்கியது. நம் மாணவர்கள் இந்த இடத்தில் ஐந்தாமவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பல குழுக்களில் கனவு காண்பவர்களைவிட நாடாவை வாங்கிவந்து வைக்கும் கோட்டக்தான் குறைவு.

1962 பிப்ரவரி வாக்கில் முதல் வடிவம் ஓடியது. இருண்ட திரையில் இரு கலங்கள்: ஒன்று ஆப்பு வடிவம், மற்றொன்று ஊசி வடிவம். திரும்பலாம், முடுக்கலாம், குண்டு எறியலாம். அவ்வளவுதான். இந்த அரைகுறை வடிவம் எல்லார் கண்ணுக்கும் முன்னால் வந்தவுடன், ஒவ்வொருவர் கனவும் வெளியே வந்தது.

பின்னணி வெறுமையாக இருந்ததால் கலம் எத்தனை வேகத்தில் நகர்கிறது என்று தெரியவில்லை. ரஸ்ஸல் கண்டபடி சில புள்ளிகளைத் தெளித்தார். பீட்டர் சாம்சன் என்ற மாணவருக்கு அது பொறுக்கவில்லை. இது வானமா, புள்ளிக் கோலமா என்ற ஆத்திரம். வான்கணிதப் பஞ்சாங்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு, வான நடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் இருபத்திரண்டரைப் பாகை வரை உள்ள உண்மையான விண்மீன்களை, ஐந்தாம் ஒளித்தரம் வரை, அவற்றின் ஒளி வேறுபாட்டோடு நிரலாக்கினார். ‘விலையுயர்ந்த கோளரங்கம்’ என்று அதற்குக் கேலிப்பெயர். இந்தப் பட்டைக்குள்தான் நாம் திருவாதிரை என்று அழைக்கும் விண்மீனும் வருகிறது. மார்கழியில் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டம் சேரும் நாளில் நம் தலைக்குமேல் ஏறும் அதே செவ்விண்மீன், கேம்பிரிட்ஜின் ஒரு வட்டத் திரையில் குண்டுகளுக்குப் பின்னால் ஊர்ந்திருக்கிறது.

டான் எட்வர்ட்ஸ் என்பவரின் குறை வேறு. விளையாட்டில் சூழ்ச்சிக்கு இடமில்லை. யார் வேகமாகச் சுடுகிறாரோ அவர் வெல்கிறார். திரையின் நடுவே ஒரு சூரியனை வைத்து ஈர்ப்புவிசையைச் சேர்க்க விரும்பினார். கணிப்பொறிக்கோ அதற்கு நேரம் இல்லை; கலங்களின் உருவத்தை வரைவதற்கே பெரும்பொழுது போய்விடும். எட்வர்ட்ஸ் உருவம் வரையும் பகுதியைப் புதிதாக எழுதி நேரத்தை மிச்சப்படுத்தினார். மிஞ்சிய நேரத்தில் இரு கலங்களுக்கும் ஈர்ப்பு வந்தது. குண்டுகளுக்கும் ஈர்ப்பைக் கணக்கிட நேரம் போதவில்லை. அவை ஈர்ப்புக்கு உட்படாத ஒளிக்குண்டுகள் என்று ஒரு கதையைச் சொல்லி அக்குறையை மூடினார்கள். கதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கதையை முதலில் எழுதிவிட்டுப் பொறியை அதற்கேற்ப வளைக்கவில்லை. பொறி எங்கே இயலாமல் நின்றதோ, அங்கே கதை வந்து கைகொடுத்தது.

இக்கட்டில் மாட்டியவர் தப்பிக்க ஒரு வழி வேண்டும் என்று கிரேட்ஸ் ‘மீவெளிப் பாய்ச்சல்’ ஒன்றைச் சேர்த்தார். அழுத்தினால் கலம் மறைந்து வேறெங்கோ தோன்றும். சூரியனுக்கு அருகிலேயே தோன்றிவிடவும் கூடும். கணிப்பொறியின் சுவிட்சுகளை அழுத்தி விளையாடினால் முழங்கை வலித்தது. ஒருவர் திரைக்கு அருகிலும் மற்றவர் தள்ளியும் நிற்கவேண்டியிருந்தது. கோட்டக்கும் பாப் சாண்டர்ஸும் மாதிரி இரயில்வே சங்கத்து அறையில் கிடந்த மரப்பலகை, சுவிட்சு, கம்பிகளைக் கொண்டு ஆளுக்கொரு கைப்பெட்டி செய்தார்கள்.

இனி, ஏற்கப்படாத ஒரு கருத்தைப் பார்ப்போம். வரலாற்றில் நமக்கு மிகவும் பயன்படுவது அதுதான். மெய்யான போரில் எறிபடை எதுவும் துல்லியமாகப் போவதில்லை என்பதால், ரஸ்ஸல் தம் குண்டுகளுக்குத் திசையிலும் வேகத்திலும் சிறு தடுமாற்றத்தை வைத்திருந்தார். விளையாடியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. குறி தவறினால் பிழை தம்முடையதாக இருக்க வேண்டும், குண்டினுடையதாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். ரஸ்ஸல் அதை நீக்கிவிட்டார். சாம்சனின் மெய்யான வானம் நிலைத்தது. ரஸ்ஸலின் மெய்யான குண்டு நிலைக்கவில்லை. இரண்டும் மெய்ம்மைதான். ஒன்று பங்கேற்பவரின் இன்பத்தைக் கூட்டியது, மற்றொன்று குறைத்தது. மூன்றாம் விதி முன்னமே இருந்ததால் இதில் யாருக்கும் தோல்வி இல்லை. ரஸ்ஸலைச் சாம்சன் வென்றார் என்று எவரும் சொல்லவில்லை.

எல்லா வேறுபாட்டையும் அவர்கள் தீர்த்துவிடவும் இல்லை. விண்மீன்கள் வேண்டுமா, ஈர்ப்பு வேண்டுமா, திருப்பிய கலம் தானே நிற்க வேண்டுமா சுழன்றுகொண்டே இருக்க வேண்டுமா என்பன போன்றவற்றுக்குக் கணிப்பொறியின் முகப்பில் இருந்த சுவிட்சுகளை ஒதுக்கிவிட்டார்கள். வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம். சண்டைக்குரிய செய்திகளில் பாதி, ஒரு சுவிட்சால் தீரக்கூடியவை. ஆனால் இருவர் அருகருகே நின்று ஒரே திரையில் மோத வேண்டும் என்பதற்குச் சுவிட்சு வைக்கவில்லை. எதற்குச் சுவிட்சு வைக்கலாம், எதற்கு வைக்கக் கூடாது என்று பிரித்தறிவதே ஒரு குழு தன் நோக்கை அறிந்துகொண்டதற்கு அடையாளம் எனலாம்.

1962 மே மாதம் எம்.ஐ.டி.யின் திறந்த நாளில் ஸ்பேஸ்வார் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. அதே மே மாதத்தில்தான் நெய்வேலியில் முறையான நிலக்கரி அகழ்வு தொடங்கியது. சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு இயங்கியதும் அவ்வாண்டிலேயே. அந்த மின்நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. பி.டி.பி-1 ஒன்று கலிபோர்னியாவின் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில் புதுப்பிக்கப்பட்டு, அதில் ஸ்பேஸ்வார் இயக்கிக் காட்டப்பட்டிருக்கிறது.

இவர்களுக்குக் காலக்கெடு இல்லை, மதிப்பெண் இல்லை. ஆகவே ஒத்துப்போவது எளிது என்று ஒருவர் சொல்லக்கூடும். நம் ஐந்தாம் மாணவர் சொல்லவும் செய்தார். அவருக்காக இன்னொரு குழு. வாஷிங்டன் மாநிலத்து ரெட்மண்டில் டிஜிபென் என்ற கல்வி நிறுவனம் விளையாட்டு உருவாக்கத்தைப் பாடமாகவே நடத்துகிறது. அங்கு மாணவர் குழு ஒன்று கல்வித் திட்டமாகச் செய்து 2005இல் வெளியிட்ட விளையாட்டு ‘நார்பகுலர் டிராப்’. கிம் ஸ்விஃப்ட் அக்குழுவில் ஒருவர். சுவரில் இரண்டு வாயில்களைத் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளிப்படலாம் என்ற ஒரே கருத்தின்மேல் அது நின்றது.

அவ்விளையாட்டின் நாயகி ஓர் இளவரசி. பெயர் ‘முழங்காலற்றவள்’ என்று பொருள்படும். அவளால் குதிக்க இயலாது. கணிப்பொறி விளையாட்டில் குதிக்காத நாயகி என்பது, சண்டைக் காட்சி இல்லாத நாயகன் படம் போன்றது. ஆனால் அவள் குதித்தால், கடக்க வேண்டிய பள்ளத்தைக் குதித்தே கடந்துவிடுவாள். வாயிலுக்கு வேலை குறையும். விட்டதை மறைக்காமல் நாயகியின் பெயராகவே சூட்டிவிட்டார்கள். கல்லூரி நடத்திய ஒரு கண்காட்சியில் இதைக் கண்ட வால்வ் நிறுவனத்தார் அம்மாணவர்களை அழைத்து வேலை கொடுத்தனர். அக்கருத்தே 2007 அக்டோபரில் ‘போர்ட்டல்’ என்ற பெயரில் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. காலக்கெடு உள்ள குழுவுக்கு ஒத்த நோக்கு இன்னும் அவசியம். எதை விடுவது என்று தெரிந்தால்தான் குறித்த நாளில் முடியும்.

தமிழர் செய்ததில் சான்று இல்லையா என்று கேட்கலாம். மாணவர் குழு அல்லவாயினும், கனடாவின் டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ இருக்கிறது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். தாயின் சமையற்குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரிகளை ஊகித்துச் சமைப்பதே விளையாட்டு. பிற சமையல் விளையாட்டுகளில் நம்மைத் துரத்தும் கடிகாரம் இதில் இல்லை. குடியேறியவர்களின் வேதனையை எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். அவர்கள் இட்லிப் பாத்திரத்தையும் அழிந்த எழுத்தையும் விட்டு விலகவில்லை. 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

இத்தனையும் கேட்ட பின், மாணவர்களிடம் நாம் ஒன்றை நினைவூட்டினோம். நெய்வேலியில் பிறந்தவர்களுக்கு அது புதிதல்ல. நம் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் இருக்கிறது. மேல்மண்ணின் பாரத்தை அகற்றிவிட்டால் அந்நீர் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகவே வெட்டுமுன்னரே நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வெட்டும் காலமெல்லாம் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். ‘சுரங்கம்’ என்ற சொல்லுக்கு அடியிலும் இரண்டு குடும்பங்களின் நினைவு அழுத்தத்தோடு இருக்கிறது. ஒருவர் தந்தையின் உழைப்பு, இன்னொருவர் தாத்தாவின் நிலம். அதைப் பேசாமல் நிரல் எழுதத் தொடங்கினால் எத்தனை ஆயிரம் வரி எழுதினாலும் ஒருநாள் அடியிலிருந்து பிளக்கும். கதை பிறகு வரட்டும். முதலில் ஒரு தாளில் மூன்று விதிகளை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றோம்.

மூன்று வாரம் கழித்து நால்வர் வந்தார்கள். பாதாளப் பாதை கேட்டவர் விலகி, தனியாக வேறொன்று செய்யப் போய்விட்டார். அதில் மனவருத்தம் இல்லை என்றார்கள். தாளில் இரண்டு விதிகள் இருந்தன. இவ்விளையாட்டை இருவர் ஒரே திரையில் விளையாட வேண்டும், ஒருவர் எந்திரத்தை ஓட்ட, மற்றவர் ஊரிலிருந்து எடுக்க வேண்டியதை எடுக்க வேண்டும் என்பது ஒன்று. இருவரில் எவரும் வில்லன் ஆகக் கூடாது என்பது மற்றொன்று. அதற்குக் கீழே இருவர் கையெழுத்திலும் எழுதி எழுதி அடித்த வரிகள் பல. மூன்றாம் விதிக்கு எண் மட்டும் போட்டு இடம் விட்டிருந்தார்கள்.

“மதிப்பெண் எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் சார் மூன்றாவது” என்றார் எந்திரம் ஓட்டுபவரின் மகன். நிலம் கொடுத்தவரின் பேரன் அதை மறுக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார். கதை எழுதும் பொறுப்பு இன்னும் நம்மிடம் இருக்கிறது. அந்த இடம் நிரம்பட்டும் என்று காத்திருக்கிறோம்.